கொண்டாவில் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

காலை பாடசாலைக்குப் போகும்போது மருதனார்மடச் சந்தியில் காரின் முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெப்பமானிப் படம், அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி. ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். அணைந்துவிட்டது. திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை. ஒரு தடவை தோன்றி மறைந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றுதான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கும்போது சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வோட்டர் பம்ப்பாய் இருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல். இவர் நில அளவையாளராக இருந்தவர். எல்லைக் கல் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் நின்று அளந்துவிட்டுத்தான் மற்ற வேலை. கண் சரியில்லை என்று போன வருடம் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டார். கண் டொக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். கண் டொக்டர்மாருக்கும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை.

பின்னேரம் கனடாவிலிருந்து நிருபா எடுத்தாள். கொழும்பில் மூளை நரம்பு வைத்தியர் ஒருவரிடம் அப்பாவுக்கு இந்த மாதம் 27ஆம் திகதி பதிந்துவிட்டாளாம். போன கிழமை வீடியோவில் பேசும்போது, அவள் எப்போதோ எழுதி முடித்த சோதனையைப் பற்றி அப்பா இரண்டு தரம் கேட்டாராம். மகள்மார் தூரத்தில் இருந்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்றேன்.

"அம்மா, நீங்கள் பக்கத்தில இருக்கிறியள். உங்களுக்குத்தான் தெரியேல்ல" என்றாள்.

ஒத்துக்கொண்டேன். காட்டினால் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், இவளும் அமைதியாவாள். ரயிலில் கூட்டிக்கொண்டு போக முடியாது. போன முறை இவர் அநுராதபுரத்தில் இறங்கி நின்றுவிட்டார். வடை வாங்கப் போனதாகச் சொன்னார். ஆகவே கார் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

விளக்கு எரியவில்லை. பயிற்சிக் கொப்பிகள் திருத்தினேன். இவர் காலையில் எழுந்ததும் கிணற்றடியில் செம்பு நிறைய மொண்டுகொண்டு முன் முற்றத்துக்குப் போகிறார். போர்டிக்கோ ஓரத்தில் நிற்கும் செவ்வரத்தைக்கு ஊற்றுவார். சில மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. மறதி உள்ளவர் இப்படிச் செய்வாரா என்று நிருபாவிடம் கேட்க வேண்டும்.

ஆனாலும் அந்தச் செடி வாடிக்கொண்டே வருகிறது. வேரில் பூச்சியாக இருக்கும். நிலத்தில் முன்பு கிடந்த இளஞ்சிவப்புக் கறை இப்போது இல்லை. உதிர்ந்த பூவின் சாயமாக்கும்.

மார்ச் 8, சனி

நேற்றுத் திரும்பவும் எரிந்தது. இன்று கராஜுக்குக் கொண்டுபோனோம். நாவாந்துறைக் கடற்கரையோரம் செலஸ்ரினின் கராஜ். நாற்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். காரை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். ஒரே தடவையில் அவர் எதையும் சரிசெய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பொனற்றைத் திறக்குமுன்பே வியாதியைச் சொல்லிவிட்டார். பின் ஆசனத்துக்குக் கீழே பெரிய பற்றரிக்குக் காற்றடிக்கும் விசிறி இருக்கிறதாம், அதில் தூசி அடைத்திருக்குமாம். பற்றரி சூடேறினால் எல்லாம் சூடேறும் என்றார். சூட்டு விளக்கு எஞ்சினுக்கு உரியது அல்லவா என்று கேட்டேன்.

"ரீச்சர், இந்த ஹைபிரிட் எண்டது ரெண்டு பெண்சாதிக்காரன்ர வீடு மாதிரி. எஞ்சின் கோவிச்சாலும் பற்றரி கோவிச்சாலும் வீடு முழுக்கச் சூடுதான்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காரில் வரும் வழியெல்லாம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். நல்ல பகிடி என்றால் யாரும் இரண்டு தரம் சொல்வதுதான்.

விசிறியில் தூசி இருந்தது உண்மை. அதைத் துடைத்துத் தந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

தூசி காரணம் இல்லை. சுன்னாகத்தில் விளக்கு எரிந்து, இந்த முறை அணையவில்லை. ஹைபிரிட் என்றால் சந்தியில் நிற்கும்போது எஞ்சின் தானாக ஓய வேண்டும். அது ஓயாமல் இரைந்துகொண்டே நின்றது. மாமரம் ஒன்றின் கீழ் நிறுத்திவிட்டு, முதலாம் பாடத்துக்குப் பிந்திப் போனேன்.

மார்ச் 13, வியாழன்

பௌர்ணமிப் போயா விடுமுறை. வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி ஆறவிட்டு, நாவாந்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

செலஸ்ரின் இன்று, எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவோம் என்றார். ஏன் என்று கேட்டேன். "காய்ச்சல் எண்டா முதல்ல பனடோல்தானே ரீச்சர்" என்றார். காய்ச்சலின் காரணம் தெரியாமல் ஒன்றையும் கழற்ற வேண்டாம், ஸ்கானரைப் போட்டுப் பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். வேண்டாவெறுப்பாகப் போனில் இணைத்துப் பார்த்தார். கூலன்ற் பம்ப்பின் வேகம் குறைவு என்று வந்தது.

"இதை முதல் நாளே போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம். ஆனா ஸ்கானர் சொல்லுறதெல்லாத்தையும் நம்பினா மனுசன் தொழில் செய்யேலாது ரீச்சர்."

பிறகு இருவருமாகப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது கூலன்ற் ஊற்றும் தாங்கியின் மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் சுழல்வது தெரிய வேண்டும். குட்டை போல அசையாமல் கிடந்தது. குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கை வைக்க முடியாத கொதி, மற்றது குளிர். எஞ்சினைச் சுற்றிக் குளிர்திரவத்தை ஓடச் செய்யும் பம்ப் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. பழைய கார்களில் எஞ்சினோடு சேர்ந்து ஒரு பெல்ட் இந்தப் பம்ப்பைச் சுற்றும். இதில் பெல்ட் இல்லை. பம்ப்புக்குள்ளேயே சின்ன மின்மோட்டர் இருக்கிறது.

இவர் எட்டிப் பார்த்து, "பெல்ட்டைப் பாரடா முதல்ல" என்றார்.

"இதில பெல்ட் இல்லையே சேர்."

"பெல்ட் இல்லாமல் எப்பிடியடா பம்ப் சுத்தும்?"

செலஸ்ரின் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் காரை வாங்கியபோது, இதில் ஏன் பெல்ட் இல்லை என்று எனக்குப் படம் கீறி விளக்கியவர் இவர்தான். பகிடிக்குச் சொல்லியிருப்பார்.

பம்ப்பைக் கழற்ற மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குமுன் தாங்கியிலிருந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார் செலஸ்ரின்.

"ரீச்சர், இது கூலன்ற் இல்லை. கூலன்ற் எண்டா றோஸ் நிறம். இது வெறும் தண்ணி. ஆர் ஊத்தினது?"

தீபாவளிக்கு முன் சேர்விஸ் செய்தது நீங்கள்தானே என்றேன். அவர் முகம் மாறியது. பம்ப்பின் உள்ளே, சுழலி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது, பழைய கேத்திலின் அடியில் இருப்பது போல. நகத்தால் சுரண்டக் கழன்று வந்தது. அதில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்தேன். தாங்கியிலிருந்த தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்தேன். கராஜின் குழாயிலும் ஒரு போத்தல் பிடித்தேன்.

"பிரேத பரிசோதனையோ ரீச்சர்?" என்றார்.

ஆம் என்றேன்.

கொழும்பிலிருந்து வேறு பம்ப் வர வேண்டும். காரை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் வந்தோம்.

மார்ச் 14, வெள்ளி

இடைவேளையில் ஆய்வுகூடத்தில் அந்த வெள்ளைப் படிவின்மேல் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி விட்டேன். நுரைத்துப் பொங்கியது. காபனேற்று. யாழ்ப்பாணத்துக் கிணறு எல்லாம் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சுற்றவிட்டால் இப்படித்தான் படியும். ஆகவே யாரோ கூலன்ற்றுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், ஒரு தரம் அல்ல, பல தரம்.

பாடசாலை முடிந்ததும் ஓட்டோ பிடித்து நாவாந்துறைக்குப் போனேன். அங்கே வேறு இருவர் தங்கள் வாகனங்களோடு நின்றார்கள். அவர்கள் முன்னிலையில் சொன்னதைத் தவிர்த்திருக்கலாம். கூலன்ற்றுக்குக் காசு எடுத்துக்கொண்டு குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்துவதில்லை.

செலஸ்ரின் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், நான் பிழை பிழையாய்ச் சொல்லுறனான் எண்டு ஊருக்கே தெரியும். தூசி எண்டன், அதுவும் பிழை. ஆனா உங்கட காருக்குள்ள நான் தண்ணி ஊத்தேல்ல."

நின்ற இருவரில் ஒருவர் தன் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்ட பம்ப் காலையில் வந்ததாம். பாவித்த சாமான். பற்றரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தபோது முனகிவிட்டு நின்றுவிட்டதாம். புதியது கேட்டு அனுப்பியிருக்கிறாராம். இதெல்லாம் செலஸ்ரின் போனில், இரண்டு சொல்லுக்கு மேல் இல்லாமல் சொன்னார். பகிடி ஒன்றும் வரவில்லை.

27ஆம் திகதிக்குள் கார் வருமா என்று நிருபா கேட்டாள். வரும் என்றேன். வராவிட்டால் திகதியைத் தள்ளிவைக்கலாம் என்றும் சொன்னேன். சில நேரம் இந்தப் பம்ப் வராமலே இருந்தாலும் நல்லது என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

சம்பல் அரைத்தேன். இவர் இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டார்.

மார்ச் 17, திங்கள்

செலஸ்ரினிடம் நிரூபித்துக் காட்டுவதென்று இருந்தேன். காபனேற்று எந்தக் கிணற்றிலும் இருக்கும், அது போதாது. ஆனால் நாவாந்துறைத் தண்ணீர் கடலோரத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உவர். அதில் குளோரைட்டு நிறைய இருக்கும். காரில் ஊற்றியது அந்தத் தண்ணீர் என்றால், காரிலிருந்து எடுத்ததிலும் இருந்தாக வேண்டும்.

சோதனைக் குழாய் ஒன்றில் கராஜ் தண்ணீர், ஒன்றில் காரின் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தண்ணீரும் வேண்டும் என்பதால், நான் குடிக்கக் கொண்டுபோன போத்தலிலிருந்து மூன்றாவது குழாயில் ஊற்றினேன். கொண்டாவில் தண்ணீர், எங்கள் வீட்டுக் கிணறு. ஊரில் பேர் எடுத்த நல்ல தண்ணீர். மூன்றிலும் நைத்திரிக் அமிலம் சில துளி, பிறகு வெள்ளி நைத்திரேற்று. குளோரைட்டு இருந்தால் வெள்ளையாகத் திரளும்.

கராஜ் தண்ணீர் தயிர் போலத் திரண்டது.

காரின் தண்ணீரில் லேசான புகை மட்டும்.

கிணற்றுத் தண்ணீரிலும் லேசான புகை மட்டும். இரண்டையும் யன்னலில் பிடித்துப் பார்த்தேன். எது எது என்று பேர் ஒட்டியிருக்காவிட்டால் சொல்ல முடியாது.

திரும்பச் செய்தேன். அதே முடிவு. குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு, ஐந்தாம் பாடத்துக்குப் போனேன்.

மார்ச் 18, செவ்வாய்

செவ்வரத்தைக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். மண் வெடித்துக் கிடந்தது. பல நாளாக நனையாத மண்.

மார்ச் 19, புதன்

காலையில் தேநீரோடு வெளியே வந்தேன். இவர் போர்டிக்கோவில் செம்போடு நின்றார். கார் வழமையாக நிற்கும் இடத்தில், அதன் மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு எதிரே. செவ்வரத்தை இரண்டடி தள்ளித்தான் நிற்கிறது. அதன் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செம்பை அப்படியே படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் தளும்பாமல் இருந்தது.

தேநீர் ஆறிவிட்டது. புதிதாகப் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கராஜுக்குப் போய், அது உங்கள் தண்ணீர் இல்லை, சோதித்துப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"அப்ப ஆர்ட தண்ணி?"

தெரியவில்லை என்றேன்.

"தெரியாதோ? இவ்வளவு சோதிச்சும் தெரியாதோ?" என்றார். பிறகு, "பேய் பிசாசு ஏதும் கிணத்தில மொண்டு ஊத்துதோ ரீச்சர்?"

நான் பேயை நம்புவதில்லை என்றேன். அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. புதிய பம்ப் நாளை வருமாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டால் அடுத்த கேள்வி வரும்.

மார்ச் 22, சனி

புதிய பம்ப் போட்டாயிற்று. முழு வேலையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

செலஸ்ரின் முதலில் எஞ்சினுக்குள் இருந்த தண்ணீரை வடித்தார். நான் சொன்னபடி, கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீரை விட்டு, ஓடவிட்டு, வடித்து, திரும்ப விட்டார். வெள்ளைத் துகள் வருவது நின்றபிறகு பம்ப்பை வைத்து, புதிய இறப்பர் வளையத்தோடு இறுக்கி, மின் கொழுவியைச் செருகினார். 'டிக்' என்று கேட்கும்வரை செருகச் சொன்னேன். "கேட்டுதே ரீச்சர்?" என்று கேட்டு, இன்னொரு தரம் கழற்றிச் செருகிக் காட்டினார். பகிடி திரும்பி வந்துவிட்டது.

றோஸ் நிறக் கூலன்ற் ஊற்றி, காருக்குள் ஹீற்றரைப் போட்டு, குழாய்களில் அகப்பட்ட காற்று வெளியேறும்வரை ஓடவிட்டோம். மூடியைத் திறந்தபோது உள்ளே திரவம் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு குழாயும் ஒரே சூடு. எஞ்சின் கொஞ்ச நேரத்தில் தானாக ஓய்ந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. காரணம் கண்டுபிடித்தோம், மாற்றினோம், சரிவந்தது. உலகத்தில் சில காரியங்கள் இன்னும் அப்படி நடக்கின்றன.

செலஸ்ரின் மூடியை இறுக்கிவிட்டு, "இனிப் பேய் வந்தா என்னட்ட அனுப்புங்கோ" என்றார்.

மார்ச் 24, திங்கள்

நேற்றுக் காலை முழுக்க நான் போர்டிக்கோவில் இருந்து கொப்பி திருத்தினேன். இவர் செம்போடு வந்தார். பேப்பர்க்காரன் வந்தபோது செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று படுக்கப் போனேன்.

இன்று குளித்துவிட்டு வரும்போது குசினி யன்னலால் பொனற் திறந்திருப்பது தெரிந்தது. ஓடவில்லை. நடந்துதான் போனேன். மூடி எஞ்சின்மேல் கிடந்தது. செம்பு சரிந்திருந்தது. தாங்கி நிரம்பி, றோஸ் நிறம் நிலத்தில் வழிந்து செவ்வரத்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்யிறியள்?"

"தண்ணி பாக்கிறன்" என்றார், இது தெரியாதா என்பது போல. "காலமை தண்ணி பாக்காமல் வண்டி எடுக்கக்கூடாது. றேடியேற்றர் ஒழுக்கு. சவர்க்காரம் வைச்சு அடைச்சுக் கிடக்கு, எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்? ஐயா எழும்பினதும் கேப்பார், தண்ணி பாத்தனியோ எண்டு."

ஐயா என்றால் இவருடைய தகப்பனார். பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஏ-40 கார் ஒன்று அவரிடம் இருந்தது. இவர்தான் சாரதி. அப்போது ஊரில் ஓடிய வண்டி எல்லாவற்றுக்கும் காலையில் தண்ணீர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் நின்றுவிடும். அந்தக் காரை நான் பார்த்ததில்லை. ஐயா இறந்தபோது நிருபா பிறக்கவே இல்லை.

"ஐயா இப்ப எங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

இவர் என்னைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். வீட்டுக் கதவைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து, நிற்க இடம் இல்லாமல் போனது.

"படுத்திருக்கிறாராக்கும்" என்றார் மெதுவாக.

பொனற்றை இருவருமாகச் சேர்ந்து மூடினோம்.

மார்ச் 25, செவ்வாய்

பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு நாவாந்துறைக்குப் போனேன். திரும்பவும் எல்லாவற்றையும் வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும் என்றேன். செலஸ்ரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நிறம் வெளிறியிருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தண்ணி ஊத்தினது இவர்தான்" என்றேன். "தினமும். செம்பில. தகப்பன்ர கார் எண்டு நினைச்சு."

இதை இப்படி ஒரே வரியில் இதுவரை எங்கும் சொல்லவில்லை, இந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை.

"சேரோ?" என்று சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். "சேர் அண்டைக்கும் வடிவாத்தானே கதைச்சவர்?"

"பெல்ட்டைப் பாக்கச் சொன்னவர்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். பொனற்றுக்கு ஒரு பூட்டுப் போட்டுத் தரலாம் என்றார். வேண்டாம் என்றேன். பூட்டைக் கண்டால் இவர் திறப்பைத் தேடுவார், கிடைக்காவிட்டால் அந்த முகம் திரும்ப வரும். அன்றைக்கு ஆட்களுக்கு முன்னால் கதைத்தது பிழை என்றும் சொன்னேன். அதை விடுங்கோ என்றார். பிறகு வேலை முடியும்வரை அவர் ஒரு பகிடியும் விடவில்லை. விட்டிருக்கலாம்.

மார்ச் 26, புதன்

கொழும்புக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டிக் கோயிலடியில் எல்லா வாகனங்களும் நிற்பது போல இவரும் நிறுத்தச் சொன்னார். இவர் தேங்காய் உடைக்கப் போனார். நான் சாமி கும்பிடுவதில்லை. பொனற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இவர் கச்சான் கடலையோடு திரும்பி வந்தார்.

வெப்பநிலை வழி முழுக்க நடுக்கோட்டிலேயே நின்றது. புது பம்ப் நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 27, வியாழன்

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, மணிக்கூடு ஒன்று கீறி, பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னார். இவர் கவராயம் இல்லாமல் ஒரு வட்டம் கீறினார். இவ்வளவு ஒழுங்கான வட்டத்தை யாரும் கையால் கீறி நான் பார்த்ததில்லை. டொக்டரும் அதைத்தான் சொன்னார். பிறகு இவர் வட்டத்துக்கு மேலே வடக்குத் திசை அம்பு ஒன்று போட்டு, பென்சிலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

நோயின் பெயரை டொக்டர் என்னிடம் வெளியே வைத்துச் சொன்னார். ஐம்பத்தேழு வயதில் வருமா என்று கேட்டேன். வரும் என்றார். மருந்து எழுதித் தந்தார். அதனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் மெதுவாகப் போகும், நிற்காது என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

இனி இவர் கார் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்.

மார்ச் 29, சனி

வந்து சேர்ந்தோம். நிருபாவிடம் சொன்னேன். அழுதாள். முன்பே தெரிந்தவளுக்கு அழுவது சுலபம்.

ஏப்ரல் 5, சனி

இந்தக் கிழமை கார்த் திறப்பை அரிசி வாளிக்குள் வைக்கிறேன். பொனற்றைத் திறக்கும் பிடி காருக்குள்தான் இருக்கிறது, கார் பூட்டியிருந்தால் திறக்க முடியாது. செவ்வாய்க்கிழமை இவர் பூட்டிய காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதன்கிழமை கதவைத் தட்டினார், உள்ளே யாரோ இருப்பது போல. வியாழக்கிழமை காலைச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். தண்ணி பாக்கேல்ல, ஐயாவுக்கு என்ன சொல்லுறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நேற்றுக் காரைத் திறந்து எஞ்சின் பக்கம் வெகுநேரம் நின்றேன். கூலன்ற் தாங்கியின் மூடியைக் கறுப்பு நாடாவால் சுற்றி, பழைய துணியால் மறைத்தேன். மற்றப் பக்கத்தில், முன்கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குத் தண்ணீர் விடும் தாங்கி இருக்கிறது. நீல மூடி. அதற்குள் எந்தத் தண்ணீரும் விடலாம், ஒன்றும் பழுதாகாது.

இன்று காலை பொனற்றை நானே திறந்து வைத்தேன். செம்போடு வந்தவரிடம் நீல மூடியைக் காட்டினேன். "இதுதான் றேடியேற்றர்" என்றேன். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்த, ஒரு சாண் பிசகையும் விடாத மனிதர். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

நிதானமாக, ஒரு துளி சிந்தாமல் ஊற்றினார். பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 12, சனி

ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் இவர் ஊற்றுகிறார். பின்னேரம் நான் காருக்குள் ஏறி இருந்து, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பிடியை, தாங்கி வற்றும்வரை இழுத்துப் பிடிக்கிறேன். வற்றாவிட்டால் மறுநாள் ஊற்ற இடம் இருக்காது. நிரம்பி வழிந்தால் வேறு மூடி தேடத் தொடங்கிவிடுவார். மழை இல்லாத முற்றத்தில் நிற்கும் காரில் வைப்பர் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் என்ன ரீச்சர் என்று கேட்டார். சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். வழியும் தண்ணீரில் செவ்வரத்தை துளிர்விட்டிருக்கிறது.

இன்று அப்படி இருக்கும்போது இவர் வெளியே வந்து, காரின் முன்னால் நின்றார். ஈரக் கண்ணாடியில் அவர் முகம் கலங்கி, வைப்பர் போனதும் தெளிந்து, திரும்பக் கலங்கியது. பிடியை விட்டேன். பக்கத்துக் கதவடிக்கு வந்து குனிந்தார்.

"இஞ்சேரும். நானும் ஒவ்வொரு நாளும் ஊத்திறன். விடிஞ்சு பாத்தால் தண்ணி இல்லை. எங்கையோ ஒழுகுது. வோட்டர் பம்ப்பாய் இருக்கும்."

ஊற்றிய தண்ணீர் இல்லையென்றால் ஒழுக்கு இருந்தாக வேண்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன்.

"ஓம்" என்றேன். "புதன்கிழமை செலஸ்ரினிட்டக் காட்டுவம்."

அவருக்கு ஆறுதலாக இருந்தது. என் தோளில் தட்டினார்.

"மறந்திடாதையும்" என்றார்.